டக்கா, டக்டக்டக்கா?

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் இருக்கும்போது கார் மக்கர் செய்தால் என்ன செய்வது என்று பேசச் சொன்னார்கள். வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. எனக்கு அது வசதிதான். நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி சத்தம் சம்பந்தப்பட்டது.

முதலில் என் கதை. வேலைக்காக வேறொரு நாட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. அந்த ஊர் மொழியில் அப்போது எனக்கு நாற்பது ஐம்பது சொல் தெரிந்திருந்தால் அதிகம். அகராதியைப் புரட்டி 'பேட்டரி', 'மாற்ற வேண்டும்' என்ற இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டார். நேரே ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஒப்பித்தேன். மாற்றிக் கொடுத்தார்கள், பணம் கட்டினேன். வேற்று மொழியில் ஒரு காரியத்தை முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

இரண்டு மூன்று நாள்தான். மறுபடியும் வண்டி படுத்துக்கொண்டது.

இந்த முறை வேறொரு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். நேரில் என்றால் கையைக் காலை ஆட்டியாவது பேசலாம், போனில் அதற்கும் வழியில்லை. தெரிந்த சொல்லெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் வெட்கத்தை விட்டு, சாவியைத் திருப்பும்போது வருகிற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினேன்: டக்டக்டக்டக்டக். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவர் நிதானமாகக் கேட்டார்: "டக்? இல்லை, டக்டக்டக்?" சத்தம் ஒன்றா, பலவா என்று கேட்கிறார்! நான் மறுபடி டக்டக்டக் என்றேன். சிரித்துவிட்டு, கிளம்பி வந்தார்.

அவர் கேட்டதில் எவ்வளவு விஷயம் இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. ஒரே ஒரு டக்கோடு நின்றால் சந்தேகம், எஞ்சினைக் கிளப்பிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் போகும். விடாமல் வந்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஸ்டார்ட்டரின் சுவிட்ச் ஒட்டுகிறது, மோட்டார் கரண்ட் இழுத்ததும் வோல்டேஜ் விழுகிறது, சுவிட்ச் விட்டுவிடுகிறது, உடனே மறுபடி ஒட்டுகிறது. அதுதான் டக்டக்டக்.

சரி, புதுப் பேட்டரியில் ஏன் சார்ஜ் இல்லை? வண்டியைக் கிளப்பி மீட்டரை வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்க வேண்டும். என் வண்டியில் 12கூட இல்லை. சார்ஜ் ஏற்ற வேண்டிய ஆல்டர்னேட்டர் வேலை செய்யவே இல்லை. நான் மாற்றச் சொன்ன பழைய பேட்டரி பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை.

முதல் ஒர்க்‌ஷாப்காரர்களை ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன், அந்நியன் என்று ஏமாற்றிவிட்டார்களே என்று. அவர்களும் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம், அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு. ஆனால் நான் கேட்டதைத்தானே செய்தார்கள். மொழி தெரியாதவனுக்கு அகராதியில் சுலபமாகக் கிடைப்பது பொருளின் பெயர். அந்தப் பெயரை மட்டும் கொண்டுபோய்ச் சொன்னால், கேட்பவர் காதில் அது ஆர்டராக விழுகிறது. அதனால்தான் சொல்கிறேன்: உதிரிபாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். என்ன சத்தம், எப்போது வருகிறது, அதை மட்டும் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி படித்திருப்பீர்கள். சலசல, கடகட, மடமட. மதிப்பெண்ணுக்காகப் படித்ததுதான், ஆனால் நான் அதை வைத்துத்தான் பிழைத்தேன். பிரேக் மிதிக்கும்போது கீச்கீச் என்கிறதா? பல பிரேக் பேடுகளில், தேய்ந்தால் சத்தம் போடட்டும் என்றே ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். அது டிஸ்க்கில் உரசி எச்சரிக்கிறது. அதைக் கேட்காமல் விட்டால் கீச்கீச் போய்க் கரகர வரும். இரும்பும் இரும்பும் அரைபடுகிற சத்தம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் கடக்கடக் என்றால், சந்தேகம் முன் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டின் மூட்டு மேல் போகும். இதெல்லாம் எந்த நாட்டு மெக்கானிக் காதிலும் ஏறும். நடித்துக் காட்டக் கூச்சமாக இருந்தால், பக்கத்தில் இருப்பவரைப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதில் இன்னொரு லாபம், ஒர்க்‌ஷாப் வாசலை மிதித்ததும் சத்தம் நின்றுவிடுகிற வண்டிகள் நிறைய உண்டு. என் வண்டிக்கு அந்தக் குணம் உண்டு.

இன்னொன்று விளக்குகள். டேஷ்போர்டில் எரியும் படங்கள் பெரும்பாலும் உலகம் முழுக்க ஒன்றுதான். எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு படம் சிவப்பாக எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் எஞ்சினே போய்விடும். தெர்மாமீட்டர் படம் சிவப்பானாலும் அப்படியே. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி ஒழுங்காக ஓடும்வரை மெதுவாக ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். விட்டுவிட்டு எரிந்தால் எஞ்சின் மிஸ் ஆகிறது, அதாவது உள்ளே பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை, எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்று அர்த்தம்.

அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் வண்டியின் கம்ப்யூட்டரில் ஒரு குறியீட்டு எண் பதிவாகியிருக்கும். 'பி 0301' என்றால் எந்த ஊரிலும் முதல் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்றுதான் பொருள். அதை மெக்கானிக்கிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கோளாறு தீப்பொறி தரும் பிளக்கிலா, அதற்கு மின்சாரம் தரும் காயிலிலா என்று அந்த எண் சொல்லாது. பார்த்தீர்களா, இங்கேயும் பாகத்தின் பெயர் கிடையாது!

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். காகித விஷயங்களையும் கொஞ்சம் விரிவாகச் சொல்வதாக இருந்தேன், டக்டக்கிலேயே நேரம் போய்விட்டது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான், அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். குடியிருக்க ஆரம்பித்துவிட்டால் பல நாடுகளில் ஒரு கெடுவுக்குள் உள்ளூர் லைசென்ஸுக்கு மாற வேண்டியிருக்கும். கெடு தாண்டினால் இன்சூரன்ஸிலும் தகராறு வரலாம். வேலை தொடங்கும் முன் செலவை எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். உதிரிபாகம் வாங்க, எழுத்தும் எண்ணும் கலந்த வண்டியின் பதினேழு இலக்க அடையாள எண்ணைப் போனில் படிக்க நேர்ந்தால், அதில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தே வராது, வட்டமாக இருப்பதெல்லாம் பூஜ்யம். நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் முதலில் சாலையோரத் தடுப்புக்கு வெளிப்பக்கம் போய் நில்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இன்சூரன்ஸில் வண்டியை இழுத்துப் போகும் வசதி இருக்கிறதா என்று இன்றைக்கே... சரி, சிவப்பு விளக்கு போட்டுவிட்டார்கள். வணக்கம்.