கடன்காரர்களுக்காக எழுதிய பட்டியலும் ஒரு வீடும்

வணக்கம் மக்களே! இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்து பேசுகிறேன். மழை விட்டபாடில்லை, அதனால் இன்றைக்கு ஊர் சுற்றும் வீடியோ கிடையாது. இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்தபடியே ஒரு வீட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். வீடு இருப்பது ஆம்ஸ்டர்டாமில். 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர் ரெம்ப்ராண்ட் குடியிருந்த வீடு. இப்போது மியூசியம்.

ரெம்ப்ராண்ட் என்றதும் எல்லோரும் ஆயில் பெயிண்டிங்கைத்தான் சொல்வார்கள். லினோ என்கிற மெத்தென்ற தகட்டில் படம் வெட்டி அச்சுப் போடுகிற எனக்கு அந்த ஆள் முதலில் அச்சுக்காரர். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடுகிற எட்சிங் மட்டும் சுமார் 290. அந்த வீட்டிலேயே அதற்கென்று ஒரு அச்சு அறை இருக்கிறது. என்னைக் கேட்டால் மற்ற அறைகளை வேகமாகப் பார்த்துவிட்டு இங்கே வந்து நிற்கலாம். வருகிறவர்களுக்கு முன்னாலேயே அச்சுப் போட்டுக் காட்டுகிறார்கள்.

வேலை எப்படி என்றால், செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தடவுவார்கள். அதில் ஊசியால் கீறினால் அந்தக் கோட்டில் மட்டும் செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் போட்டால் தெரிகிற செம்பை மட்டும் அது அரிக்கும். எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. அப்புறம் பூச்சை எடுத்துவிட்டு, தகடு முழுக்க மையைத் தேய்த்து, துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையாலேயே ஒரு துடை. மேலே இருந்த மை போய்விடும், கோட்டுக்குள் இருப்பது மட்டும் நிற்கும். தாளையும் ஈரப்படுத்தித்தான் வைக்க வேண்டும். காய்ந்த தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுக்காது. பிறகு இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுற்ற வேண்டியதுதான். என்னிடம் உருளை கிடையாது, சோற்றுக் கரண்டியின் முதுகால் தேய்க்கிறேன். லினோவுக்கு அது போதும், எட்சிங்குக்குப் போதாது.

அவருடைய எட்சிங்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1650இல் செய்த ஒரு சங்கு. கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட கூம்புச் சங்கு, நம் பக்கத்துக் கடல்களில் கிடைக்கிற வகை. அச்சில் எல்லாம் இடம் வலம் மாறித்தானே விழும்? கையெழுத்தைத் தகட்டில் திருப்பி எழுதியிருக்கிறார், அச்சில் அது நேராக வாசிக்க வருகிறது. சங்கை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தபடியே கீறிவிட்டார். அதனால் படத்தில் சுழி எதிர்ப் பக்கமாகச் சுற்றுகிறது. தெரிந்து செய்தாரா, கவனிக்கவில்லையா என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஆள் கவனிக்காமல் விடுவாரா? அழகாக இருந்தது, விட்டுவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, வீட்டுக்கு வருவோம். 1639இல் 13,000 கில்டருக்கு (அந்த நாட்டுப் பழைய காசு) வாங்கினார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை, தவணையில்தான் கட்டுவதாகப் பேச்சு. கட்டவில்லை. 1653இல் வட்டியும் சேர்த்து 8,000 கில்டருக்கு மேல் பாக்கி நின்றது. கையில் காசு வந்தபோதெல்லாம் ஏலத்துக்குப் போய்ச் சங்கு, பவளம், சிலை, அடுத்தவர்களின் அச்சுப் படம் என்று வாங்கிக் குவித்திருக்கிறார். 1656இல் திவால். அதிகாரிகள் வந்து அறை அறையாக நடந்து, சுவரில் என்ன, மூலையில் என்ன என்று 363 வரி எழுதினார்கள். எல்லாம் ஏலம் போனது. 1658இல் வீடும் 11,000 கில்டர் சொச்சத்துக்குப் போனது. அதே 1658இல்தான் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். இந்த மலை அப்போது கண்டி ராஜாவின் கையில்.

1911இல் அந்த வீடு மியூசியமானது. ஆனால் உள்ளே பழைய வீடாக மாறியது 1999க்குச் சற்று முன்னால் நடந்த வேலையில்தான். கட்டில், மேசை எதுவும் அவருடையது அல்ல, அதே காலத்துப் பொருட்களைத் தேடி வைத்திருக்கிறார்கள். எந்த அறையில் எதை வைப்பது என்று எப்படித் தெரியும்? அந்த 363 வரிதான். கடன்காரர்களுக்குப் பங்கு வைக்க எழுதிய தாள், மியூசியத்துக்கு வரைபடமாகிவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் தேயிலைத் தோட்டங்களில் இருந்த 'துண்டு' என்கிற சீட்டு ஞாபகம் வந்தது. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிகளின் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக அது வேண்டும். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுகிறோம் என்று தோட்டத்து துரை கையெழுத்துப் போட்டுத் தருவார். 1921இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதுவும் கடன் தாள்தான். ஆனால் அதில் தொகை மட்டும் இருக்கும். நாங்கள் குடியிருந்த காம்பரா என்கிற ஒற்றை அறைக்குள் என்ன இருந்தது, அடுப்பு எந்தப் பக்கம், சாமிப்படம் எந்தச் சுவரில் என்று எழுத எந்த அதிகாரியும் வரவில்லை. எங்கள் வீட்டில் ஏலம் போட எதுவும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்காக் தோட்டத்தில், பழைய லயத்தையே, அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பையே, தேயிலைத் தொழிலாளர் மியூசியமாக 2007இல் திறந்தார்கள். போகாதவர்கள் போய்ப் பாருங்கள். ஆனால் மற்ற லயங்கள்? சொந்தக் காணியில் தனி வீடு கிடைத்தால் சந்தோஷமாகப் போக வேண்டியதுதான், லயத்து வாழ்க்கையை யாரும் அழகாக்கிப் பேச வேண்டாம். கூரை ஒழுகுகிற இடத்தில் இருந்து பேசுகிறவன் நான்.

லயத்தை விட்டுப் போவதற்கு முன்னால் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்து தொடங்குங்கள். கொழுந்துக் கூடை எங்கே தொங்கியது, விறகு எங்கே அடுக்கினீர்கள், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு எந்த ஆணியில் மாட்டியிருந்தது, எல்லாம். போட்டோவில் மூலைகள் விழாது, அதனால் எழுதுங்கள். எழுத வராத அப்பாயி இருந்தால் சொல்லச் சொல்லி போனில் பதிந்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த லினோக்களை அந்தப் பட்டியல்களை வைத்து வெட்டப் போகிறேன்.