பிள்ளைகள் தாங்களே போடும் நாடகத்தில் பெரியவர்கள் எவ்வளவு கை வைக்கலாம்?

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவருடைய பிள்ளைகளுக்கு 8 வயது, 11 வயது. இருவரும் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். அதேபோல வீட்டில் படிக்கும் இன்னும் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து நாடகம் போடப் போகிறார்களாம். கதையும் வசனமும் தாங்களே செய்வோம் என்கிறார்கள். "எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் இரண்டு வரி பேச்சு, மீதியெல்லாம் சண்டை. நான் உட்கார்ந்து ஒழுங்காக எழுதிக் கொடுக்கட்டுமா? பாடத்தை விட்டுவிட்டு இதென்ன கூத்து என்று மாமியார் வேறு கேட்கிறார். இடம் என்று பார்த்தால் மொட்டை மாடிதான் இருக்கிறது" என்பது கேள்வி.

எழுதிக் கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு வரிகூட வேண்டாம்.

நீங்கள் எழுதிய வரியை மறந்துவிட்டால் பிள்ளையின் கண் உங்கள் முகத்தைத் தேடும். அதுவே தான் யோசித்த வரி என்றால், மறந்த இடத்தில் வேறு எதையாவது சொல்லிச் சமாளித்துவிட்டு மேலே போய்விடும். நாடகம் பார்க்கிற நமக்கு இந்த வித்தியாசம் அப்படியே தெரியும்.

சிறுவர்களை வைத்து நாடகம் போடுவது நம்மிடம் பழைய வழக்கம்தான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது நடித்தவர்கள் எல்லாரும் சிறுவர்கள். பின்னால் நாடகத்தில் பெரும்புகழ் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். ஆனால் அது தொழில். வாத்தியார் பாடம் சொல்லிக் கொடுப்பார், பையன்கள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள், டிக்கெட் வாங்கி ஜனங்கள் பார்ப்பார்கள். உங்கள் வீட்டு மாடியில் அந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. அங்கே நீங்கள் வாத்தியாராக ஆக வேண்டாம்.

சண்டை மட்டும்தான் இருக்கிறது என்று கவலைப்படாதீர்கள். யாருக்கும் யாருக்கும் சண்டை, எதற்காக, தோற்றவன் அப்புறம் எங்கே போவான் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பதில் சொல்லச் சொல்லக் கதை தானாக வளரும்.

ராயபுரத்தில் இதேபோல வீட்டில் படிக்கும் பிள்ளைகள் போட்ட ஒரு நாடகத்தை நான் பார்த்திருக்கிறேன். எம்டன் கதையை எடுத்துக்கொண்டார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கரைக்கு வந்து, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. தொட்டி பற்றி எரிந்தது, ஊரே கலங்கியது, பல பேர் சென்னையை விட்டே கிளம்பிப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டில் இருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். வேறு கதை எதற்கு?

குண்டுச் சத்தத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார்கள். கப்பலின் தேடுவிளக்குக்கு செல்போன் டார்ச். ஒரு பையன் எண்ணெய்த் தொட்டியாகத்தான் நடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து அப்படியே நடித்தான், பிரமாதமாக எரிந்தான்! ஊரைவிட்டு ஓடுகிற பெண்ணாக நடித்த சிறுமிக்கு, ஓடும்போது என்ன எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளுடைய ஆயாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். ஆயா 2004 சுனாமி அன்று ஓடியவர். "ரேஷன் கார்டைத்தான் முதலில் எடுத்தேன்" என்று சொல்லியிருக்கிறார். உடனே 1914-ல் ஓடுகிற பெண்ணும் "ஐயோ, ரேஷன் கார்டு!" என்று கத்த ஆரம்பித்துவிட்டாள்.

அவளுடைய அம்மாவுக்கு அதைத் திருத்தக் கை துறுதுறுத்தது. ஆனாலும் திருத்தவில்லை. "அப்போ ரேஷன் கடை இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில்தான் ரேஷன் வந்தது என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்தார்கள். அதற்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது. கடைசியில் அந்தப் பெண் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். வசனத்தை அம்மா எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சண்டையும் வந்திருக்காது, ஆயாவிடம் யாரும் போய்க் கேட்டிருக்கவும் மாட்டார்கள். உங்கள் மாமியாருக்கும் இதையே சொல்லலாம். வரலாற்றுப் பாடம் நடக்கத்தான் நடக்கிறது. தேர்வு பற்றிப் பயந்தால், 14 வயது ஆன பிறகு தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதிக்கொள்ளலாம், பெரியவனுக்கே இன்னும் 3 வருடம் இருக்கிறது. முடிந்தால் மாமியாரிடமே கதை கேட்கச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்புங்கள்.

மேடை, திரைச்சீலை எதுவும் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். தெருக்கூத்தில் என்ன செய்கிறார்கள்? இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிப்பார்கள், வேஷம் கட்டியவர் அதன் பின்னால் வந்து நிற்பார், திரை விலகும், ஆள் வந்துவிட்டார். ஒரு பழைய பெட்ஷீட் போதும். கட்டியக்காரன் இருக்கிறான் பாருங்கள், கதை சொல்லி, கேலி பேசி, சபையோடும் வம்பு பண்ணுகிறவன், அவனைக் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்தவர் வேஷம் மாற்றுகிற நேரத்தை அவன் பார்த்துக்கொள்வான். வசனம் மறந்தவனையும் காப்பாற்றுவான். வாய் ஓயாத பிள்ளை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும், அதற்கு இந்த வேஷத்தைக் கொடுக்கலாம்.

உங்கள் வேலை வேறு. மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். சுவரை ஒட்டி யாரும் நடிக்கக் கூடாது, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறவே கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. நெருப்புக் காட்சி இருந்தால் தீப்பெட்டி, மத்தாப்பு என்று பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆரஞ்சு நிறப் புடவை ஒன்றைக் கொடுத்து ஆட்டச் சொல்லுங்கள். மே மாதம் என்றால் மாடித் தரை சாயங்காலம் வரை கொதிக்கும். 4 மணிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு 6 மணிக்கு ஆரம்பித்தால் கடல் காற்றும் வந்துவிடும். கீழ் வீட்டுக்காரர்களிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், அவர்களையும் கூப்பிடுங்கள்.

இன்னொன்று அம்மா. பெரும்பாலான வீடுகளில் ஒரே நாளோடு முடித்துவிடுகிறார்கள். அப்படி வேண்டாம், ஒரு வாரம் விட்டு மறுபடியும் போட விடுங்கள். ஜனங்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள் என்று முதல் ஆட்டத்தில் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். நாம் ஒன்றும் சொல்லாமலே மாற்றி எழுதுவார்கள். அதனால் பாய் விரிக்கவும் ஆளைக் கூப்பிடவும் இப்போதே இரண்டு தேதியாகக் குறித்து வையுங்கள்.