எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்: மூளையும் நம் நடத்தையும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவப் பெருமக்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன்னால் இரத்ததானம் பற்றிச் சுருக்கமாகப் பேசி அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே, பேராசிரியப் பெருந்தகைகளே, முன்வரிசையில் இடம் கிடைத்தும் பெரியவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் தம் உரையில், இந்தத் தலைப்பு எல்லா வீட்டுக்கும் வேண்டியது என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர்களுக்கு என் தனி நன்றி. இயன்முறை மருத்துவத் துறையிலிருந்து திரளாக வந்திருக்கிறீர்கள். தலையில் அடிபட்டவரை மறுபடி நடக்க வைக்கும் கைகள் உங்களுடையவை. உங்கள் முன்னால் பேசுவது எனக்குப் பெருமை.

நரம்புச் செய்தியின் வேகம், மூளை நம்மைக் கட்டுப்படுத்தும் விதம், பழக்கம் உருவாகும் முறை, தூக்கம், குடலுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு என்று ஐந்து செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். ஐந்துக்கும் அடித்தளமாக ஒரே பழமொழி போதும். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்.

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் அதில் இருக்கின்றன. இவ்வளவு கூட்டம் என்ன செய்கிறது?

காலில் சுத்தியல் விழுந்தால் முதலில் சுருக்கென்று ஒரு வலி. ஒரு நொடி கழித்து எரிச்சலாக, கனமாக இரண்டாவது வலி ஒன்று வந்து சேரும். இரண்டும் ஒரே அடியின் வலிதான். முதல் வலியைக் கொண்டுவருவது மையலின் என்னும் கொழுப்பு உறை போர்த்திய நரம்பு இழை. இரண்டாவதைக் கொண்டுவருவது உறை இல்லாத மெல்லிய இழை, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஊர்ந்து வருகிறது. தசைகளை இயக்கும் தடித்த இழைகளிலோ செய்தி நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் பாயும். வேக வித்தியாசம் நூறு மடங்கு.

சூடான பாத்திரத்தில் கை பட்டால், சுடுகிறது என்று நீங்கள் உணரும் முன்பே கை பின்னால் வந்துவிடுகிறது. மூளையின் உத்தரவுக்கு அது காத்திருப்பதில்லை. தண்டுவடமே உத்தரவு போட்டுவிடுகிறது. அதே பாத்திரம் நிறையக் கொதிநீர் இருந்து, பக்கத்தில் ஒரு குழந்தையும் நின்றால்? விரல் வெந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பத்திரமாக இறக்கி வைக்கிறோம். கையை விடு என்று தண்டுவடம் சொல்கிறது, விடாதே என்று மேலிருந்து மூளை தடுக்கிறது. கட்டளை இடுவதுதான் மூளையின் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். கட்டளையைத் தடுத்து நிறுத்துவதும் அதே அளவு பெரிய வேலை என்பதை இந்த இடத்தில் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் வாய்வரை வந்த சொல்லை விழுங்குவது, பிறர் பொருளில் கை வைக்காதிருப்பது, வரிசையில் நிற்பது எல்லாமே இந்தத் தடுப்பு வேலைதான். அமிக்டலா என்ற சின்னஞ்சிறு பகுதி அச்சத்தையும் பதற்றத்தையும் எழுப்புகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல் அதை அமர்த்துகிறது.

முன்மடலுக்கு அடிபட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத ஒரு சாட்சி உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கேளுங்கள்.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், கேவண்டிஷ் என்ற ஊர். ரயில் பாதை போடப் பாறை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலையாட்களின் தலைவர் ஃபினியஸ் கேஜ், வயது 25. பாறையில் துளை போட்டு, வெடிமருந்து நிரப்பி, திரி வைத்து, மேலே மணல் கொட்டி, பிறகு இரும்புக் கடப்பாறையால் இடித்து இறுக்க வேண்டும். மணல் எதற்கு? இரும்பு பாறையில் உரசித் தெறிக்கும் பொறி மருந்தைத் தொடாமல் இருப்பதற்கு. மாலை நாலரை மணி சுமாருக்குப் பின்னால் ஏதோ சத்தம், கவனம் சிதறியது. மணல் இல்லாத துளையில் கடப்பாறை இறங்கியது. வெடித்தது!

அந்தக் கடப்பாறை மூன்றடி ஏழங்குல நீளம், ஒன்றேகால் அங்குலப் பருமன், 6 கிலோ எடை. இடது கன்னத்தின் அடியில் நுழைந்து, கண்ணுக்குப் பின்புறமாக ஏறி, உச்சிமண்டையைப் பிளந்துகொண்டு வெளியே பறந்து, ஏறத்தாழ 25 மீட்டர் தள்ளிப்போய் விழுந்தது. கேஜ் மல்லாந்து விழுந்தார். சில நிமிடங்களில் பேசினார்! மாட்டுவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே விடுதிக்கு வந்தார். வாசலில் நாற்காலியில் அமர்ந்து, முதலில் வந்த மருத்துவரிடம், "டாக்டர், உங்களுக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது" என்றார். அடுத்து வந்தவர் ஜான் மார்ட்டின் ஹார்லோ. சிதறிய எலும்புத் துண்டுகளை எடுத்தார், கட்டுப் போட்டார். பிறகு சீழ் பிடித்தது, நினைவு மங்கியது, சவப்பெட்டியே தயார் செய்துவிட்டார்கள். ஹார்லோ சீழைக் கீறி வெளியேற்றினார். பத்து வாரத்தில் கேஜ் தம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இடது கண் பார்வை போயிற்று. பேச்சு, நடை, நினைவாற்றல் எல்லாம் இருந்தன.

ஆனால் பழைய ஆள் இல்லை. திறமைசாலி, நிதானமானவர் என்று பெயர் எடுத்திருந்தவர் இப்போது வாய்க்கு வந்தபடி வசை பொழிந்தார். ஒரு திட்டம் போடுவார், அடுத்த நொடி கைவிடுவார், புத்திமதி சொன்னால் சீறுவார். பழைய முதலாளிகள் மறுபடி வேலை கொடுக்கவில்லை. இவர் கேஜே இல்லை என்று நண்பர்கள் சொன்னதை ஹார்லோ 1868-இல் அச்சில் பதிவு செய்தார்.

இன்னொரு பாதியும் இருக்கிறது, அதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். 1852-இல் கேஜ் சிலி நாட்டுக்குப் போய், ஏழு ஆண்டுக்காலம் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் ஒரே வேலை, ஒரே ஒழுங்கு. இழந்த நிதானத்தில் கொஞ்சமாவது அவருக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பது பிற்கால ஆய்வாளர்கள் கருத்து. 1860-இல் வலிப்பு வந்து இறந்தார். அவருடைய மண்டை ஓடும் அந்தக் கடப்பாறையும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாரன் உடற்கூறு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பதற்கு அந்த மண்டை ஓட்டைவிடச் சான்று வேண்டுமா?

இனி யார் தலையிலும் கடப்பாறை பாயப்போவதில்லை என்று நினைப்பீர்கள். இரு சக்கர வாகனத்தில் போகிற ஒவ்வொருவருக்கும் அதே இடத்தில்தான் ஆபத்து. காரணத்தை மண்டை ஓட்டுக்குள்ளே பார்க்க வேண்டும். முன்மடலின் அடிப்பகுதி கண்குழிகளின் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த எலும்புக் கூரையின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகக் கரடுமுரடானது. பக்கத்திலேயே கூரிய எலும்பு விளிம்பு ஒன்றும் உண்டு. மூளையோ திரவத்தில் மிதக்கும் மென்மையான பொருள். ஓடும் பேருந்து சட்டென்று நின்றால் பயணிகள் முன்னால் சாய்வதுபோல, தலை நின்ற பிறகும் மூளை நகர்ந்து, அந்தக் கரடான எலும்பில் தேய்கிறது. பின்மண்டை தரையில் மோதினாலும், நசுங்குவது பெரும்பாலும் முன்மடலும் பக்கமடலின் நுனியும்தான். தலை சுழன்று திரும்பினால் ஆக்ஸான் என்னும் நீண்ட இழைகள் இழுபட்டு அறுகின்றன. சாதாரண சி.டி. ஸ்கேனில் இது பல சமயம் தெரியாது.

அதனால்தான் இந்தக் கொடுமை நடக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், இரண்டு மாதத்தில் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறார், பணத்தை வாரி இறைக்கிறார், காலையில் எழுந்து குளிக்கக்கூட முனைப்பில்லாமல் கிடக்கிறார். வீட்டார் திமிர் என்கிறார்கள், சோம்பேறித்தனம் என்கிறார்கள். அது காயம்! அடிபட்டவருக்கு வாசனை தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் சல்லடை போன்ற எலும்பின் வழியே நுழைகின்றன. மூளை நகரும்போது அவை அறுந்துபோகலாம். சோப்பின் வாசனையே தெரியவில்லை என்றால், அதற்கு நேர் மேலே இருக்கும் முன்மடலும் அடி வாங்கியிருக்கலாம் என்று நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நினைவு, கவனம், முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றை அளந்து பார்க்கும் நரம்பு உளவியல் சோதனை கேளுங்கள்.

இந்த ஆபத்துக்கு எதிராகக் கையில் இருக்கும் கருவி ஹெல்மெட். பிரிட்டனின் முன்னாள் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைக் கவனித்தவர்களில் ஒருவரான நரம்பு அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், அதன்பின் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயம் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கி 1941-இல் ஹெல்மெட்டின் பயனை எழுதினார். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் இறப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. அபாயத்தை எடைபோடும் முன்மடல் முழுதாக முதிர ஏறத்தாழ 25 வயது ஆகிறது. அதற்கு முன்பே வண்டிச் சாவி கைக்கு வந்துவிடுகிறது, மாணவச் செல்வங்களே.

ஹெல்மெட்டில் உயிர் காப்பது வெளி ஓட்டைவிட உள்ளே இருக்கும் தெர்மாகோல். அடி விழும்போது அது நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைச் சில மில்லிநொடி நீட்டுகிறது. நசுங்கியது நசுங்கியதுதான், மறுபடி எழாது. ஆகவே ஒரு பலத்த அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், தெர்மாகோல் கரையும். சோப்புத் தண்ணீர் போதும். வாங்கும்போது புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே நாடாவைச் சுற்றித் தலையின் சுற்றளவை எடுங்கள். போட்டு அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். தாடை வாரை மாட்டிய பின் அதற்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல் மட்டும் நுழையலாம். பிறகு பின்பக்க அடிவிளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாகத் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த ஹெல்மெட் வேண்டாம். வார் மாட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே தனியாகப் பறந்துவிடும். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொல்லிக்கொண்டே அதை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகலாமா?

விபத்தில் மயங்கிக் கிடப்பவரின் ஹெல்மெட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தண்டுவடம் போய்விடும். மூச்சுக்குத் தடை இருந்தால் மட்டும், ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் தாங்க, மற்றவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசினாலும் ஒரு நாள் முழுக்கக் கூடவே ஒருவர் இருங்கள். மண்டை ஓட்டுக்கு அடியில் இரத்தம் கசிந்து, சில மணி நேரம் கழித்தே ஆளைச் சாய்ப்பதுண்டு. தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத உறக்கம், ஒரு கண்மணி மட்டும் விரிவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அப்போதே மருத்துவமனை.

பழக்கம், தூக்கம், குடல் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இன்னொரு மேடை கிடைத்தால் சொல்கிறேன். வெளியே வாயில் மேசையில் அளவு நாடா வைத்திருக்கிறோம். மாணவத் தொண்டர்கள் ஒவ்வொருவருக்கும் தலைச் சுற்றளவை சென்டிமீட்டரில் எழுதித் தருவார்கள். வண்டியில் வந்தவர்கள் உங்கள் ஹெல்மெட்டையும் எடுத்து வாருங்கள், கழல்கிறதா என்று அங்கேயே தள்ளிப் பார்த்துவிடலாம். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும், இந்த மேடையைத் தந்த தலைவர் அவர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்த தோழர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.