பிள்ளையாக நின்று கீழ்ப்படிவது

வணக்கம் நேயர்களே.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கிறிஸ்தவர்களை அயலவர்கள் ‘வேதக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். ஞானஸ்நானப் பத்திரம் இருக்கும், சபைச் சந்தா கட்டியிருக்கும், இரவில் குடும்ப ஜெபம் நடக்கும், நத்தாருக்கு அயல் வீடுகளுக்குப் பலகாரம் போகும். இவ்வளவும் இருந்தும் “மனசுல சமாதானம் இல்ல ஐயா” என்று போதகரிடமும் குருவானவரிடமும் வருகிறவர்கள் குறையவில்லை. அவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், “கீழ்ப்படிஞ்சு நடங்கோ, சமாதானம் வரும்” என்பது. பதில் பிழையில்லை, ஆனால் அது பாதிப் பதில். யாராக நின்று கீழ்ப்படிவது என்று சொல்லாவிட்டால், ஏற்கெனவே களைத்துப்போனவரை இன்னும் களைக்க வைப்பதுதான் மிச்சம்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இரண்டு மகன்மார். இளையவன் சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வருகிறான், தகப்பன் விருந்து வைக்கிறார். பிரசங்கங்கள் இளையவனைப் பற்றித்தான் அதிகம். சமாதானமில்லாமல் ஆலயத்துக்கு வந்துபோகிறவர்கள் கவனிக்க வேண்டியவன் மூத்தவன். அவன் வீட்டை விட்டுப் போகவில்லை, சொத்தை அழிக்கவில்லை. வயலிலிருந்து வருகிறான், வீட்டில் ஆடல்பாடல் கேட்கிறது, உள்ளே போக மனமில்லாமல் வாசலில் நிற்கிறான். வெளியே வந்து கெஞ்சுகிற தகப்பனிடம், இத்தனை வருஷம் உமக்கு வேலை செய்தேன், உமது சொல்லை ஒருநாளும் மீறவில்லை, எனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தந்ததில்லை என்கிறான். சம்பளப் பாக்கி கேட்கிறவன் இப்படித்தான் கதைப்பான். அவனுடைய கீழ்ப்படிதலில் குறையே இல்லை. தான் அந்த வீட்டுக்கு யார் என்பதைத்தான் மறந்துவிட்டான். தகப்பன் அதற்குத்தான் பதில் சொல்கிறார்: “மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது.”

இளையவனும் ஏறக்குறைய அதே நினைப்போடுதான் திரும்பி வந்தான். ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்’ என்று கேட்பதாக இருந்தான். அந்த வரியைச் சொல்லி முடிக்கவே தகப்பன் விடவில்லை. அங்கி, மோதிரம், பாதரட்சை எல்லாம் வந்துவிட்டன.

வேதம் முழுவதிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். பத்துக் கட்டளைகளை நாங்கள் மனப்பாடம் செய்யும்போது, யாத்திராகமம் 20இன் இரண்டாம் வசனத்தைப் பலர் தாண்டிப்போய்விடுகிறோம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்த தேவன் நான் என்பது அந்த வசனம். விடுதலை முதலில் நடந்துவிட்டது, கட்டளை அதற்குப் பிறகுதான் வருகிறது. பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் முதல் மூன்று அதிகாரங்களும் சேர்த்து 66 வசனங்கள். அத்தனைக்குள்ளும் நேரடிக் கட்டளை என்று பார்த்தால் ஒன்றுதான்: முன்பு நீங்கள் யாராக இருந்தீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள் என்பது. மற்றதெல்லாம் தேவன் என்ன செய்தார் என்பதுதான். தெரிந்துகொண்டார், மீட்டார், மன்னித்தார், பிள்ளைகளாக்கினார், முத்திரை போட்டார். நாலாம் அதிகாரத்திலிருந்துதான் பொய் பேசாதே, களவெடுக்காதே, பொழுது சாயுமுன் கோபத்தை விடு, குடிவெறி கொள்ளாதே என்று வருகிறது.

யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்ற இயேசுவுக்கு வானத்திலிருந்து சத்தம் வந்ததும் இதே ஒழுங்கில்தான். மத்தேயுவின் விவரத்தில் அதுவரைக்கும் ஓர் அற்புதமும் இல்லை, ஒரு பிரசங்கமும் இல்லை. அதற்கு முன்பே “இவர் என்னுடைய நேசகுமாரன்” என்றாயிற்று. அடுத்த அதிகாரத்திலேயே சோதனைக்காரன், நீர் குமாரனேயானால் கல்லை அப்பமாக்கிக் காட்டும் என்று வருகிறான். இயேசு எதையும் நிரூபித்துக் காட்டவில்லை. எங்களுக்கு வரும் சோதனையும் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான். நீ நல்ல வேதக்காரன் என்றால் ஏன் உன் பிள்ளை பரீட்சையில் பெயிலானது, ஏன் உன் வெள்ளாமை அழிந்தது என்ற கேள்விகள். அதற்கு விடை தேடி ஓடத் தொடங்கினால் சமாதானம் அன்றோடு போயிற்று.

இது படிப்பறிவு குறைந்தவர்களின் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். மெதடிஸ்த மிஷனரிமார் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் கதை இந்த விஷயத்தில் சரியான பாடம். ஒக்ஸ்போர்ட்டில் இருந்தபோது புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பது, ஏழைகளுக்குக் கொடுப்பது என்று மணிக்கூடு பார்த்து நடந்த மனிதன். 1735இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்கே ஊழியத்துக்குக் கப்பலேறினார். 1738இல் மனமுடைந்து திரும்பினார். அதே வருஷம் மே 24ஆம் திகதி லண்டனில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோதுதான், கிறிஸ்து தன் பாவங்களையும் எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் வந்தது. பிற்காலத்தில் தன் பழைய நாட்குறிப்பைப் பார்த்து, அப்போது தனக்கிருந்தது வேலைக்காரனின் விசுவாசம், மகனின் விசுவாசமல்ல என்று குறிப்பெழுதிச் சேர்த்தார். அதற்குப் பிறகு அவர் கீழ்ப்படிவதை விட்டுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குதிரையிலும் வண்டியிலும் ஊரூராகப் போய்ப் பிரசங்கித்தார்.

இன்னொரு பிழையும் நடக்கிறது. “எனக்கு இந்தக் காரியத்துல சமாதானம் இருக்கு, அப்ப இது கர்த்தருடைய சித்தம்தான்” என்று சொல்லி வீட்டை விற்கிறவர்கள், சம்பந்தம் பேசுகிறவர்கள், வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். யோனா தேவனுடைய சொல்லுக்கு நேரெதிராகத் தர்ஷீசுக்கு ஓடினான். கடல் கொந்தளித்தபோது கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான். கெத்செமனேயில் முழுமையாகக் கீழ்ப்படிந்த இயேசுவோ வியாகுலப்பட்டு, இரத்தத்துளிகள் போல வியர்வை சிந்தினார். நிம்மதியாக இருக்கிறது என்பது கீழ்ப்படிதலுக்கு அத்தாட்சியுமல்ல, கலக்கமாக இருக்கிறது என்பது கீழ்ப்படியாமைக்கு அத்தாட்சியுமல்ல. முடிவு எடுக்கும்போது கட்டளை என்ன சொல்கிறது என்று பாருங்கள், மூத்த விசுவாசிகள் இரண்டு பேரிடம் கேளுங்கள், கணக்கையும் பாருங்கள். உணர்வு பின்னால் வரட்டும். மட்டக்களப்பில் கல்விப்பணி செய்த இயேசு சபைக் குருமார் பின்பற்றியது அந்தச் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் வழி. அவர் இதற்கு ஒரு நல்ல விதி வைத்திருந்தார்: மனம் இருண்டிருக்கிற நேரத்தில், முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. கோபத்தில் சபையை விட்டுப் போகிறேன் என்கிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

சரி, நாளைக் காலையில் என்ன செய்வது? ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். முதல் கிழமை எபேசியர் முதல் மூன்று அதிகாரத்தையும் தினமும் சத்தமாக வாசியுங்கள், ஏறக்குறையக் கால்மணித்தியாலம் எடுக்கும். தேவன் உங்களுக்குச் செய்ததாகச் சொல்லும் ஒவ்வொன்றையும் இடப்பக்கத்தில் எழுதுங்கள், அதில் உங்கள் பெயரைப் போட்டே எழுதுங்கள். அந்தக் கிழமை வலப்பக்கத்தைத் தொடவேண்டாம். பலரும் பிழைக்கிற இடம் இதுதான். இடப்பக்கம் நிரம்பு முன்பே திருந்த வேண்டியவற்றின் பட்டியலை எழுதிவிடுவார்கள். மூன்றாம் நாள் பட்டியல் பயமுறுத்தும், கொப்பி மூலைக்குப் போய்விடும்.

இரண்டாம் கிழமை வலப்பக்கத்தில் ஒரே ஒரு காரியம். அதில் ஆள், நாள், தொகை மூன்றும் இருக்க வேண்டும். ‘அன்பாக நடப்பேன்’ என்று எழுதினால் அதைச் செய்தோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘வெள்ளிக்கிழமை பின்னேரம் மச்சாளிடம் போய், வாங்கின 15,000 ரூபாவில் 3,000 கொடுப்பேன்’ என்று எழுதுங்கள். அதைக் கொடுக்கக் கிழமைக் கடன்காரரிடம் புதுக்கடன் எடுக்காதீர்கள். பழைய கடனுக்குப் புதுக்கடன் எடுப்பது கீழ்ப்படிதலில் சேராது, அது அடுத்த கலக்கத்துக்கு முற்பணம்.

வெள்ளாமைக்காரருக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெட்டுக் காலத்தில் மெசினுக்கும் உர வியாபாரிக்கும் முதலில் காசு போகிறது. வரம்பு கட்டின, களை பிடுங்கின ஆட்களுக்கு ‘நெல்லு வித்ததும் தாறன்’ என்று தவணை சொல்லப்படுகிறது. உபாகமம் 24, கூலியைப் பொழுது போகுமுன் அன்றைக்கே கொடு என்கிறது, அவன் ஏழை, அதன்மேல் ஆசையாயிருக்கிறான் என்று காரணத்தையும் சொல்கிறது. யாக்கோபு 5இல் அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. பெரும்போகம் முடிந்து மூன்று மாதமாகியும் இப்படி ஒரு பாக்கி இருந்தால், இரவு நித்திரை வரவில்லை என்று உபவாசம் எடுப்பதற்கு முன் அதைத் தீர்த்துவிடுங்கள். வட்டையில் வரம்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டவர்களுக்கும், தங்கச்சிக்குச் சீதனமாக எழுத வேண்டிய காணியை இழுத்தடிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு எண்ணாகமம் 5 அளவும் தருகிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். 10,000 ரூபா என்றால் 12,000. கையில் கொடுத்து, என்ன செய்தேன் என்று ஒரு வசனத்தில் சொல்லுங்கள். ‘ஆனா நீங்களும்...’ என்று தொடங்கினால் அங்கே மன்னிப்புக் கேட்டது அழிந்துபோகும். வட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம், நேரில் போங்கள். மற்றவர் அறியாத, அறிந்தால் அவர் குடும்பமே உடைந்துபோகக்கூடிய ஒன்றானால், முதலில் குருவானவரிடமோ போதகரிடமோ தனியாகக் கதையுங்கள்.

மற்றவர் உங்களுக்குப் பிழை செய்திருந்தால் மத்தேயு 18 சொல்லும் முதல் படி, நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ச் சொல் என்பது. இரண்டாம் படிக்கு ஒன்றிரண்டு பேர், அதற்குப் பிறகுதான் சபை. எங்கள் ஊர்களில் முதலிரண்டு படியும் காணாமல் போய், விஷயம் நேரே ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாக வந்துவிடுகிறது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வந்தாலும் புறணி புறணிதான்.

இரவில் படுக்க முன் பத்து நிமிடம். இஞ்ஞாசியார் காட்டிய ஒழுங்கு: முதலில் நன்றி, பிறகு வெளிச்சம் கேட்பது, பிறகு முடிந்துபோன அந்த நாளை மணித்தியாலம் மணித்தியாலமாகப் பார்ப்பது, பிழைத்ததற்கு மன்னிப்புக் கேட்பது, கடைசியில் நாளைக்கு ஒரு தீர்மானம். நன்றியை விட்டுவிட்டு நேரே பிழைக்குப் போகிறவர்கள் மூத்த மகனின் வாசலுக்கே திரும்பிப் போகிறார்கள்.

சிலருக்கு மேலே சொன்ன கொப்பி வேலை எதையும் கொடுக்கக்கூடாது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐயும், சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளை இழந்த 2019 ஏப்ரல் 21ஐயும் கண்ட ஊர் இது. இழந்து அழுகிறவரிடம் போய் ‘உங்களில் ஏதோ கீழ்ப்படியாமை இருக்கு, அதான் சமாதானம் இல்லை’ என்று சொல்வது யோபுவின் சிநேகிதர் செய்த வேலை. அவர்கள்மேல் தேவன் கோபம் கொண்டதாகத்தான் அந்தப் புத்தகம் முடிகிறது. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையில்லை, சாப்பாடில்லை, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால் அது வைத்தியரிடம் காட்ட வேண்டியது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். வீட்டில் அடிவாங்குகிற பெண்ணிடம் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசி அவளைத் திருப்பி அனுப்புகிற போதகர், எபேசியர் 5ஐ அரைவாசியில் மூடிவிட்டார். அங்கே புருஷனுக்குச் சொல்லப்பட்டது, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் மனைவியில் அன்புகூரு என்பது. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம், 1938 பெண்களுக்கான உதவி இலக்கம்.

நீங்கள் போயும் மற்றவர் கதவைத் திறக்காவிட்டால்? ரோமர் 12:18 “கூடுமானால் உங்களாலானமட்டும்” என்றுதான் கேட்கிறது. போன திகதியைக் கொப்பியில் எழுதிவையுங்கள், காசைத் தனியாக எடுத்துவையுங்கள், சில மாதம் கழித்து இன்னொருமுறை போங்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டியவரே இல்லையென்றால் என்ன செய்வது என்று இங்கே பலருக்குக் கேள்வி உண்டு. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தவர், காணாமல் போனவர், கனடாவுக்குப் போய்த் தொடர்பற்றவர் என்று பலர். அதே எண்ணாகமம் 5இன் எட்டாம் வசனம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. வாங்கிக்கொள்ள இனத்தார் எவரும் இல்லையென்றால் அது கர்த்தருக்குரியதாக ஆசாரியனிடம் போக வேண்டும். ஆகவே முதலில் பிள்ளைகளை, சகோதரங்களைத் தேடுங்கள். கிராம சேவகரிடம் விசாரியுங்கள், பழைய அயலவரைக் கேளுங்கள். உண்மையிலேயே ஒருவரும் இல்லையென்று தெரிந்தபிறகு, முதலும் ஐந்தில் ஒரு பங்குமாக உங்கள் சபையின் ஏழைகளுக்கான நிதியில் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பெயர் எழுதும் இடத்தில் உங்கள் பெயர் வேண்டாம், அவருடைய பெயரை எழுதச் சொல்லுங்கள்.

வணக்கம்.