செயற்கை நுண்ணறிவுப் பாடம்: அறிவியல் ஆசிரியருக்கான பயிற்சி எங்கே தொடங்க வேண்டும்?

(திரையில்: வரைபடத்தாள், அளவுகோல், இரு வண்ணப் பென்சில்கள்)

வணக்கம். செயற்கை நுண்ணறிவு கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்றதும் கணினி அறையும் பைத்தான் நிரலும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களைப் பொறுத்தவரை, அந்தப் பயிற்சியை ஒரு வரைபடத்தாளில் தொடங்குவதே நல்லது.

சி.பி.எஸ்.இ. 2019-20 கல்வியாண்டில் 9ஆம் வகுப்புக்குச் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தது. இப்படியொரு பாடம் தம்மிடம் ஒப்படைக்கப்படும்போது, "எனக்குக் கோடிங் தெரியாதே" என்று அறிவியல் ஆசிரியர் தயங்குவது இயல்பு. ஆயினும் அளவெடுப்பது, ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்துச் சோதிப்பது, பிழை எங்கிருந்து வந்தது என்று தேடுவது ஆகிய மூன்றையும் அவர் ஆய்வகத்தில் நெடுநாளாகக் கற்பித்து வருகிறார். தரவிலிருந்து கணினி தானே விதியைக் கண்டுகொள்ளும் இயந்திரக் கற்றலுக்கு வேண்டிய மனப்பழக்கமும் இதுவே.

(திரையில்: ஐரிஸ் மலர்கள், அவற்றின் அளவுகள் அடங்கிய அட்டவணை)

புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1936இல் பயன்படுத்திய ஐரிஸ் மலர்த் தரவை எடுத்துக்கொள்வோம். மூன்று இனங்கள், இனத்துக்கு 50 என மொத்தம் 150 மலர்கள். அல்லி இதழின் நீளத்தை ஓர் அச்சிலும் அகலத்தை மற்றோர் அச்சிலும் ஆசிரியர்கள் தங்கள் கையாலேயே குறிக்கட்டும். செட்டோசா இனத்தின் இதழ் நீளம் 2 சென்டிமீட்டரைத் தொடுவதில்லை. மற்ற இரண்டிலும் அது 3 சென்டிமீட்டருக்குக் குறைவதில்லை. எனவே இடையில் ஒரு கோடு போட்டதும் அது தனியே பிரிந்துவிடும். சிக்கல் அடுத்த கோட்டில் இருக்கிறது. வெர்சிகலர் 5.1 சென்டிமீட்டர் வரை நீள, வர்ஜினிகாவோ 4.5 சென்டிமீட்டரிலேயே தொடங்கிவிடுவதால், கோட்டை எங்கே போட்டாலும் சில மலர்கள் தவறான பக்கம் போய்விடும். எந்தப் பக்கத் தவறைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் வாதிடத் தொடங்கும்போது, வகைப்படுத்தும் மாடல், அதாவது தரவிலிருந்து கற்று எது எந்த வகை என்று கணிக்கும் நிரல், என்ன செய்கிறது என்பது பாதி விளங்கிவிடும்.

(திரையில்: வேப்பிலையும் கறிவேப்பிலையும் அருகருகே)

கணினி இதற்குப் பிறகு வரட்டும். கூகுளின் டீச்சபிள் மெஷின் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே இயங்கும். நிரல் எழுத வேண்டியதில்லை. வேப்பிலைகளை வெள்ளைத் தாளின்மீதும் கறிவேப்பிலைகளை மர மேசையின்மீதும் வைத்துப் படமெடுத்து மாடலைப் பயிற்றுவிக்கச் சொல்லுங்கள்; காரணத்தை மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கருவி படங்களில் 15 விழுக்காட்டைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தாமல் தானே சோதனைக்கு ஒதுக்கிக்கொள்ளும்; அவற்றில் துல்லியம் மிக உயர்வாகவே காட்டும். அடுத்து ஒரு கறிவேப்பிலையை வெள்ளைத் தாளுக்கு மாற்றிக் காட்டினால், அது வேப்பிலை என்று விடை வரக்கூடும். வேப்பிலையின் ரம்பப்பல் விளிம்பைக் கற்றுக்கொள்ள வேண்டிய மாடல், பின்னணியின் நிறத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. சோதனைப் படங்களும் அதே மேசையில் எடுக்கப்பட்டவையாதலால் அந்தத் தவறு மதிப்பெண்ணில் தெரியவில்லை. பயிற்சியில் மிகுதியான நேரத்தை இந்த ஒரு சோதனைக்கே தரலாம். பின்னணியை மாற்றி, வெளிச்சத்தை மாற்றி, ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே ஊகித்து, பிறகு சோதித்துப் பார்க்கட்டும். (ஈரக் கறிவேப்பிலையில் ஒளி பட்டு மினுங்கினால் அதுவும் ஒரு தடயமாகிவிடும், துடைத்துவிட்டுப் படமெடுப்பது நல்லது.)

நெறிமுறை என்ற பகுதியைப் பல பயிற்சிகள் கடைசி நாளின் சொற்பொழிவாகத் தள்ளிவைக்கின்றன. அது இந்த இலைச் சோதனைக்கு அடுத்தே வர வேண்டும். கணினி ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்துப் பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 விழுக்காடே தவறின. கருநிறப் பெண்களிடம் அந்தத் தவறு 34.7 விழுக்காடு வரை உயர்ந்தது. ஒட்டுமொத்தச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த இடைவெளி கண்ணில் பட்டிருக்காது. மேசையின் நிறத்தால் ஏமாந்த மாடலைச் சற்றுமுன் கண்ட ஆசிரியருக்கு, சோதனைத் தரவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி தானாகவே எழும்.

யுனெஸ்கோ 2024இல் வெளியிட்ட, ஆசிரியர்களுக்கான செயற்கை நுண்ணறிவுத் திறன் கட்டமைப்பும் நெறிமுறையை ஐந்து கூறுகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

(திரையில்: ஆய்வகப் பதிவேடு)

பயிற்சியின் முடிவில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாள் போதாது. ஒவ்வொரு ஆசிரியரிடமும் வேறொருவர் உருவாக்கிய மாடலைக் கொடுத்து, அது தவறும் ஓர் உள்ளீட்டைக் கண்டுபிடித்து, நோக்கம், செய்முறை, காணல், முடிவு என்று வழக்கமான பதிவேட்டு முறையிலேயே எழுதித் தரச் சொல்லலாம். அந்தப் பக்கங்களே அவருடைய முதல் வகுப்புக்கான பாடக்குறிப்பாகவும் பயன்படும்.