தராசுக்கு ஒரு மறைப்பு

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றி ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, வேலைப் பளுவுக்கு நடுவிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மாதர் சங்கத் தாய்மாரே, வாசிகசாலை இளைஞர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். குடும்பநல உத்தியோகத்தர்களைத் தனியே வணங்க வேண்டும். மாரி மழையிலும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் வீட்டுப் படலையைத் தட்டுகிறவர்கள் அவர்கள். அவர்களுக்காக ஒருமுறை கை தட்டுங்கள். ஒலிபெருக்கி பூட்டித் தந்த தம்பிமாருக்கும், வாழைக்குலை கட்டிய ஐயாவுக்கும் நன்றி.

உடற்பருமனும் மனச்சோர்வும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. உடல், மனம், ஊர், பள்ளிக்கூடம் என்று நான்கு பக்கமாக இதைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. பனையால் விழுந்தவனை மாடேறி மிதிச்சதாம். நோய் என்பது பனையால் விழுவது. விழுந்தவரைப் பார்த்து நாம் சொல்லும் சொல்தான் அந்த மாடு. இன்று முழுக்க அந்த மாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் உடல். நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அந்தத் தொகையால் நிறையைப் பிரித்தால் ஒரு எண் வரும். 94 கிலோ, 155 சென்ரிமீற்றர் என்றால் அது 39. ஆசிய நாட்டவருக்கு 23க்கு மேலே கவனம் வேண்டும், 27.5க்கு மேலே ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. நமக்கு வயிற்றுக் கொழுப்புச் சேர்வது இலகு என்பதால் இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைத் தரைக்குச் சமாந்தரமாகச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் வாசியுங்கள். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கிளினிக்குக்குப் போங்கள். சீலைக்கு மேலே அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

இனி மனம். 2010இல் 58,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உடற்பருமன் உள்ளவருக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 வீதம் கூடியிருந்தது. மனச்சோர்வு உள்ளவருக்குப் பின்னாளில் உடல் பருக்கும் வாய்ப்பு 58 வீதம் கூடியிருந்தது. பாதை இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. சோர்ந்த மனம் நித்திரையைக் குழப்பும், காலை எழுந்து நடக்க விடாது. சிலருக்குச் சாப்பாடே இறங்காது. சிலருக்கு இனிப்பும் மாவும் மட்டுமே ஆறுதலாகும். ஓயாத கவலையில் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் சுரந்து வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும். மறுபக்கம், அந்தக் கொழுப்பே அழற்சிப் பொருட்களை இரத்தத்தில் விடுகிறது. அவை மூளையையும் தொடுகின்றன. இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் விடிய எழும்பும்போதே களைப்பு.

சில குளிசைகளாலும் ஊசி மருந்தாலும் நிறை கூடும். மிர்ட்டசபின், ஒலன்சபின், சோடியம் வல்புரோவேற், ஸ்ரெரொயிட், இன்சுலின். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யாரும் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும். நிறை கூடுகிறது என்று வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது. தைரொயிட் சோதனையையும் அப்போதே கேளுங்கள்.

போரும் இடப்பெயர்வும் இந்த மண்ணின் மனங்களில் விட்டுச்சென்ற காயங்களைப் மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதி வைத்தார். அந்தக் காயத்தைச் சுமந்த ஒரு தாய்க்கு உடலும் பருத்தால் ஊர் இரண்டு பெயர் வைக்கிறது. ஒன்று "குண்டு". மற்றது "விசர்". மனநலக் கிளினிக்கின் வாசலில் தெரிந்த முகத்தைக் கண்டு திரும்பிப் போனவர்கள் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களைத் திரும்பிப் போக வைத்த வாய் மேல்தான் கோபம்.

ஒரு கிளினிக் நாளைக் கண்முன் கொண்டு வாருங்கள். காலை ஆறரை. வெறும் வயிற்றோடு ஒரு அக்கா வருகிறார். கையில் கிளினிக் கொப்பி, நம்பர் துண்டு, பையில் இரண்டு பிஸ்கற். கணவர் இல்லை, மகள் ஓ.எல். படிக்கிறாள். வாங்கு நிரம்ப ஆட்கள். அவர் வாங்கின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே இருக்கும்படி அமர்கிறார், பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சல் ஆகிவிடக்கூடாதாம். தராசு எங்கே? வாசலுக்கு நேரே, எல்லோரும் பார்க்கும் இடத்தில். எழுதுகிறவர் எங்கே? பத்தடி தள்ளி மேசையில். ஆகவே தராசடியில் நிற்பவர் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: "தொண்ணூற்றி நாலு!" வாங்கில் ஒரு குரல்: "ஐயோ, தராசு தாங்குமோ?" நாலு பேர் சிரிக்கிறார்கள். அக்காவும் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுகிறார். இனிப் பிரஷர் பார்க்கிறார்கள். அவருடைய மேற்கைச் சுற்றளவு 38 சென்ரிமீற்றர். அங்கே இருப்பதோ 34 வரைக்கும் பொருந்தும் சாதாரணக் கைப்பட்டி. இழுத்துச் சுற்றியது இரண்டு தரம் பட்டென்று கழன்று போகிறது. மறுபடியும் சிரிப்பு. அடுத்த மாதம் அவர் வரவில்லை. மகளை அனுப்பிக் குளிசை கேட்கிறார். "ஆள் வராமல் தரேலாது" என்கிறார்கள். அதுவும் சரிதானே, சீனி எவ்வளவு என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? மூன்று மாதம் மெற்போமின் என்ற சீனி வியாதிக் குளிசை இல்லை. பின்னேரம் நடக்கலாம் என்று ஒழுங்கையில் இறங்கினால் மதகடியில் இருக்கும் பெடியள் சைக்கிள் மணி அடிக்கிறார்கள். ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், அன்பான பெரியம்மாதான், கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: "எடி பிள்ளை, என்னடி இப்பிடிப் பெருத்துப் போனாய்? வீட்டிலை சும்மாதான் இருக்கிறியோ?" அதன் பிறகு அவர் கலியாண வீட்டுக்கும் போவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார். பிளேன்ரீக்கு இரண்டு கரண்டி சீனி, நாளைக்கு ஐந்து தரம். அதுவே 40 கிராமுக்குக் குறையாது. 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஆனால் அந்த அக்காவிடம் சீனிக் கணக்கைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அவர்தான் வருவதே இல்லையே!

பனையால் விழுந்தவரை மாடு எத்தனை தரம் மிதித்தது என்று எண்ணிப் பாருங்கள்.

வெட்கப்பட்டால் மெலிவார்கள் என்று நினைப்பது பிழை. 6,000 பேருக்கு மேல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஒரு அமெரிக்க ஆய்வு 2013இல் வெளிவந்தது. தொடக்கத்தில் உடற்பருமன் இல்லாதவர்களில், நிறைக்காகப் பாகுபாட்டை அனுபவித்தவர்கள் பருமன் நிலைக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 2023இல் வந்த இன்னொரு ஆய்வு கைப்பட்டியைப் பற்றியது. பெரிய பட்டி வேண்டியவருக்குச் சாதாரணப் பட்டியைச் சுற்றினால் மேல் பிரஷர் சராசரி 5 அளவு கூடக் காட்டும். மிகப் பெரிய பட்டி வேண்டியவருக்கு ஏறத்தாழ 20 கூடும். இல்லாத பிரஷருக்குக் குளிசை கொடுத்தால் எழும்பும்போது தலைசுற்றி விழுவார்.

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஒரு மறைப்பு. ஆறடி உயரம், மூன்றடி அகலத்தில் இரண்டு மடிப்பு, கழுவக்கூடிய பருத்தித் துணி, கூட்டித் துடைக்க அடியில் நாலு அங்குல இடைவெளி. நம் ஊர்த் தச்சர் ஒரு நாளில் செய்வார். தராசு பாயிலோ கம்பளத்திலோ அல்ல, சமமான சீமெந்துத் தரையில் இருக்க வேண்டும். 200 கிலோ தாங்க வேண்டும். காலையில் பூச்சியம் பார்த்து, கிழமைக்கு ஒருமுறை படிக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். செருப்பும் கைப்பையும் இறக்கிய பிறகே ஏற்றுங்கள். "நிறை பார்க்கலாமோ?" என்று கேட்டுவிட்டு, பார்த்தவரே கொப்பியில் எழுதட்டும், இலக்கத்தைக் கூப்பிட வேண்டாம். மேற்கையை நாடாவால் அளந்து பட்டியைத் தெரிய வேண்டும்: 27 முதல் 34 வரை சாதாரணம், 35 முதல் 44 வரை பெரியது. கைப்பிடி இல்லாத அகன்ற கதிரை இரண்டு வேண்டும். இலக்கு 94 கிலோவில் 5 கிலோ குறைவது, ஆறு மாதத்தில். அந்த அளவுக்கே சீனியும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். மெலிந்த படத்தைக் காட்டிப் பயமுறுத்துவது வேண்டாம்.

அதே மறைப்புக்குள் மனச்சோர்வை அறியும் ஒன்பது கேள்விப் படிவத்தின் முதல் இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடலாம். கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தீர்கள்? எத்தனை நாள் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்கள்? பாதி நாளுக்கு மேல் என்றால் மீதி ஏழு கேள்விகளையும் கேட்டு மனநல வைத்தியரிடம் அனுப்புங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றே கூட்டிப் போங்கள். இரவு என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

தலைவர் துண்டு அனுப்பியிருக்கிறார். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. ஆசிரியர்களுக்கு ஒன்று மட்டும்: உடற்பயிற்சிப் பாடத்தில் பிள்ளைகளின் நிறையை வகுப்பின் முன் வாசிக்காதீர்கள். பனையால் விழுந்தவனை மாடு மிதிக்கும் கதை பத்து வயதிலேயே தொடங்கிவிடக்கூடாது.

சுகாதார வைத்திய அதிகாரி அவர்களுக்கு எழுதிய வேண்டுகோள் கடிதம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனையும் இருக்கிறது. கையொப்பத்துக்குப் பக்கத்தில் நீங்கள் போகும் கிளினிக்கையும் கிழமையையும் எழுதுங்கள். எந்தக் கிளினிக்குக்கு முதல் மறைப்பு என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம். வணக்கம்.