கரிபூ நிக்கிற காட்டை வெட்ட விடாதேங்கோ: ஸ்காபரோ கூட்டத்தில பேசினது

எல்லாருக்கும் வணக்கம். தலைமை தாங்குற ஐயா அவர்களே, இந்தக் குளிருக்குள்ளயும் வந்து முன்வரிசையில இருக்கிற நகரசபை உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமத் தந்த கோயில் நிர்வாக சபையினரே, பழைய மாணவர் சங்கத் தலைவி அக்கா, எனக்குப் பிறகு பேசப்போற பேராசிரியர் ஐயா, பின்னுக்கு ரீ ஊத்திக்கொண்டு நிக்கிற பிள்ளையள், எல்லாருக்கும் நன்றி. நகரசபை உறுப்பினர் இன்னொரு நிகழ்வுக்குப் போக வேணுமாம், இருந்தும் இதைக் கேட்டிட்டுத்தான் போவன் எண்டு இருக்கிறார், அவருக்கு ஒருக்கா கை தட்டுங்கோ.

மூண்டு விசயம் கதைக்கப்போறன். கரிபூவுக்கு ஏன் பழைய காடு வேணும், சட்டம் என்ன செய்யுது, ஓநாயைச் சுடுறது சரியோ பிழையோ.

கரிபூ வேற ஒண்டுமில்லை, வடக்குக் காடுகளில வாழுற ஒரு பெரிய மான் வகை, உங்கட பொக்கற்றில கிடக்கிற கனடா 25 சதக் குத்தியில கொம்போட நிக்குதே, அதுதான். 1937ல இருந்து அந்தக் குத்தியில அது நிக்குது. குளிர்காலத்தில அது தின்னுறது லைக்கன், பாசி மாதிரி ஒண்டு, கிழட்டு மரங்களில தாடி மாதிரித் தொங்கும், நிலத்திலயும் படரும், அது போதுமான அளவுக்கு வளர எண்பது நூறு வருசம் நிண்ட காடு வேணும். அந்தக் காட்டை மொட்டையா வெட்டினா என்ன நடக்கும் எண்டா, இளம் செடி முளைக்கும், அதைத் தின்ன மூஸ் எண்ட பெரிய மானும் வேற மானும் வரும், அதுகளுக்குப் பின்னால ஓநாய் வரும், மர லொறிக்குப் போட்ட றோட்டால ஓநாய் சுகமா ஓடித்திரியும், கடைசியில வருசத்துக்கு ஒரே ஒரு குட்டி போடுற கரிபூ மாட்டுப்படும். 2012ல மத்திய அரசின்ர மீட்புத் திட்டமே சொல்லுது, ஒரு கூட்டம் வாழுற இடத்தில 65 வீதமாவது கை படாமக் கிடக்க வேணும் எண்டு, அப்பிடி இருந்தாலும் அந்தக் கூட்டம் தானா நிலைக்கிற வாய்ப்பு 60 வீதம்தானாம்.

நான் எந்த மேடையிலயும் சொல்லுற பழமொழி ஒண்டு இருக்கு, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பிரிட்டிஷ் கொலம்பியாவில சவுத் செல்கேர்க் எண்டு ஒரு கரிபூக் கூட்டம், கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் எல்லை தாண்டிப் போய்வந்த கூட்டம், 2018ல போய் எண்ணினா மூண்டு பெட்டை மட்டும் மிச்சம். 2019 ஜனவரியில கடைசி ஒண்டைப் பிடிச்சு வடக்கால கொண்டுபோனவை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

ஆனா கண் கெட முதலே எழும்பின சனமும் இருக்கு, அந்தக் கதையை ஆறுதலாச் சொல்லத்தான் வேணும். அதே மாகாணத்தின்ர வடகிழக்கில வெஸ்ட் மோபர்லி, சோட்டோ எண்டு ரெண்டு ஆதிக்குடி சமூகம். ஒரு காலத்தில அங்க கரிபூ கண்ணுக்கெட்டின தூரம் நிண்டதெண்டு அவையின்ர பெரியாக்கள் சொல்லுவினம். 1960களில பெரிய அணை கட்டிப் பள்ளத்தாக்கைத் தண்ணிக்குள்ள தாட்டாச்சு, பிறகு சுரங்கம், பிறகு மரம் வெட்டு. குறையுதெண்டு கண்ட உடன அந்தச் சனம் தாங்களா வேட்டையை நிப்பாட்டிச்சினம், ஒப்பந்தத்தில வேட்டை உரிமை இருந்தும்! 2013ல அங்க நிண்ட க்ளின்சே-ஸா எண்ட கரிபூக் கூட்டத்தில 38தான் மிச்சம். என்ன செய்தவை தெரியுமோ? 2014ல இருந்து, பனிக்காலம் முடியிற நேரம் ஹெலிகொப்டரில போய் வலை எறிஞ்சு, வயித்தில குட்டியோட நிக்கிற கரிபூவைப் பிடிச்சு, மலையில வேலி அடைச்ச இடத்தில கொண்டுபோய் விட்டு, குட்டி போட்டு அது கொஞ்சம் வளரும்வரைக்கும் இரவு பகலாக் காவல் இருந்தவை. சாப்பாடு? கடையில லைக்கன் விக்கிறதில்லை. பெரியாக்களும் சின்னாக்களுமாக் காட்டுக்க போய்க் கையால பொறுக்கிப் பொறுக்கிப் பையில நிரப்பினவை அம்மா, பொறுக்கினவை! கரிபூ நிலத்தில சுரங்கம் வேண்டாமெண்டு கோட்டுக்கும் போச்சினம், 2011ல மேல்முறையீட்டிலயும் வெண்டவை. 2020ல மத்திய அரசு, மாகாண அரசு ரெண்டும் அவையோட ஒப்பந்தம் போட்டுது, அதுக்கு முதல் நடந்த ஊர்க்கூட்டங்களில இனவாதப் பேச்செல்லாம் கேட்டுக்கொண்டு பொறுமையா இருந்திச்சினம். 2022ல அந்த 38, நூறைத் தாண்டிற்றுது. 2024ல க்ளின்சே-ஸா பார்க்கையும் ரெண்டு லட்சம் ஹெக்டயருக்குக் கிட்டப் பெருப்பிச்சாச்சு. இதுக்கு எழும்பி நிண்டு கை தட்டலாம்.

இனிச் சட்டம். எங்கட ஒன்ராறியோவில அழியிற நிலையில இருக்கிற உயிரினங்களைக் காப்பாத்த 2007ல நல்ல சட்டம் வந்தது, 2013ல மரத் தொழிலுக்குத் தற்காலிக விலக்கு, 2020ல அதே விலக்கு நிரந்தரம், 2025ல அந்தச் சட்டத்தையே எடுக்க வழி செய்தாச்சு. பேராசிரியர் ஐயா இதைப்பற்றி விளக்கமாச் சொல்லுவார், நான் அவரின்ர நேரத்தை எடுக்கேல்லை. கியூபெக்கிலயும் வால்-டோர் எண்ட கரிபூக் கூட்டத்தை 2020ல வேலிக்குள்ள அடைச்சவை. காட்டை விடாம வெட்டிப்போட்டு வேலி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், வேற என்ன?

இப்ப என்ர விசயத்துக்கு வாறன், எல்லா மேடையிலயும் நான் கேக்கிறது இதுதான். போரியல் எண்டு சொல்லுற இந்த வடக்குக் காட்டில வெட்டுற மரத்தில ஒரு பங்கு கூழாகி ரிஷ்யூவும் ரொயிலற் பேப்பருமா எங்கட வீட்டுக்குள்ள வருது. எங்கட ஆக்கள் ஒரு அரங்கேற்றத்துக்கு எத்தினை பக்கத்தில மலர் அடிக்கிறியள்? கலியாணக் காட் பெட்டி பெட்டியா, உள்ளுக்கு அஞ்சு தாள், பார்த்திட்டு எறியிறது. ஒவ்வொரு சங்கமும் வருசா வருசம் வழவழத் தாளில மலர், அரைவாசி வாழ்த்துச் செய்தி. பழைய பேப்பரில திருப்பிச் செய்த தாளில அடிக்கலாம், பக்கத்தைக் குறைக்கலாம், போனுக்கு அனுப்பலாம். கொஸ்கோவில ரிஷ்யூ எடுக்கேக்க முழுக்கப் பழைய பேப்பரில செய்ததோ எண்டு பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ. இது சின்ன விசயம் எண்டு ஆரும் சொல்லாதேங்கோ, லட்சக்கணக்கில இந்த நாட்டில இருக்கிறம், நாங்கள் கேட்டா அச்சகம் தாளை மாத்தும்.

ஓநாய் விசயத்துக்கு நேரம் இல்லை, தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். வாசல் மேசையில உங்கட மாகாண உறுப்பினருக்கு எழுதின கடிதம் வைச்சிருக்கு, மர வெட்டுக்குக் குடுத்த விலக்கை எடு, கரிபூ நிலத்தைச் சட்டத்தால காப்பாத்து எண்டு கேட்டு, தபால் கோட்டோட கையெழுத்து வையுங்கோ. பழைய மாணவர் சங்கத் தலைவி அக்கா, அடுத்த மாசம் உங்கட மலர்க்குழுக் கூட்டம், இந்த முறை பழைய பேப்பர்த் தாளில்தான் எண்டு தீர்மானம் எடுத்துத் தாங்கோ, செலவு கூடினா அந்த வித்தியாசத்தை நான் தாறன். நன்றி, வணக்கம்.